ஆங்கிலத்தில் கட்டாயமும் கடப்பாடும் உணர்த்தும் சொற்கள்

ஆங்கிலத்தில் கட்டாயமும் கடப்பாடும் உணர்த்தும் சொற்கள் என்பவை, ஒரு செயல் செய்யப்பட்டே ஆக வேண்டும், செய்யப்படுவது நல்லது, அல்லது செய்யப்படுவது தேவை என்னும் கருத்துகளை வெளிப்படுத்த ஆங்கில மொழியில் பயன்படும் துணைவினைகளும் தொடர்களும் ஆகும். மஸ்ட், ஹேவ் டு, ஷுட், ஆட் டு, நீட், ஷல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. தமிழில் "வேண்டும்" என்ற ஒரே சொல் இவை பெரும்பாலானவற்றின் பணியைச் செய்கிறது. ஆங்கிலத்தில் அப்பணி பல சொற்களுக்கிடையே பகிரப்பட்டுள்ளது. உடன்பாட்டு வாக்கியங்களில் இச்சொற்கள் ஒன்றற்கொன்று நெருங்கிய பொருளைத் தந்தாலும், எதிர்மறையிலும் இறந்தகாலத்திலும் அவற்றின் பொருள்கள் பெரிதும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு ஆங்கிலம் கற்போருக்கு மட்டுமன்றி, சட்டங்களையும் தொழில்நுட்பத் தர ஆவணங்களையும் எழுதுவோருக்கும் முக்கியமானது ஆகும்.

பொருள் வகைகள்

இச்சொற்கள் உணர்த்தும் கருத்துகளை மொழியியலாளர் இரு பெரும் வகைகளாகப் பிரிப்பர். முதலாவது, ஒருவர் மீது சுமத்தப்படும் கடமை, கட்டளை, அறிவுரை போன்றவற்றைக் குறிப்பது. இது கடப்பாட்டு வினைநோக்கு எனலாம். "யூ மஸ்ட் பே த ஃபைன்", அதாவது "நீங்கள் தண்டத்தைச் செலுத்த வேண்டும்" என்பது இதற்கு எடுத்துக்காட்டு.

இரண்டாவது, பேசுபவர் தாம் அறிந்தவற்றைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருவதைக் குறிப்பது. இது உய்த்துணர்வு வினைநோக்கு எனலாம். "ஷீ மஸ்ட் பி அட் ஹோம், த லைட்ஸ் ஆர் ஆன்" என்ற வாக்கியத்தில் எவர் மீதும் கடமை சுமத்தப்படவில்லை. விளக்குகள் எரிவதால் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று பேசுபவர் ஊகிக்கிறார். தமிழின் "இருக்க வேண்டும்" என்ற தொடரும் இவ்விரு பொருளையும் தருவது குறிப்பிடத்தக்கது.

கடப்பாடு, அனுமதி, தடை ஆகிய கருத்துகளுக்கிடையேயான உறவை அளவையியல் முறையில் ஆராயும் துறைக்கு, பின்லாந்து மெய்யியலாளர் ஜார்ஜ் ஹென்ரிக் வான் ரைட் 1951 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் அடித்தளமிட்டன. ஒரு செயல் கட்டாயம் என்றால் அதைச் செய்யாதிருக்க அனுமதி இல்லை என்பதும், ஒரு செயல் தடை செய்யப்பட்டுள்ளது என்றால் அதைச் செய்யாதிருப்பது கட்டாயம் என்பதும் இத்துறையின் அடிப்படை உறவுகள் ஆகும்.

சொற்பிறப்பு

இச்சொற்களுட் சில, கடன்படுதல் அல்லது உடைமை கொள்ளுதல் என்னும் பொருளிலிருந்து வளர்ந்தவை.

ஷல்: பழைய ஆங்கிலத்தில் "கடன்பட்டிரு" என்று பொருள்பட்ட வினையிலிருந்து வந்தது. இதன் உறவுச் சொல்லான செருமன் மொழியின் "ஷுல்ட்", இன்றும் கடன், குற்றம் ஆகிய இரண்டையும் குறிக்கிறது.

ஷுட்: ஷல் என்பதன் பழைய இறந்தகால வடிவம். இன்று இது பெரும்பாலும் காலத்தைக் காட்டுவதில்லை.

ஆட்: "கடன்பட்டிரு" எனப் பொருள்படும் "ஓ" என்ற ஆங்கில வினையின் பழைய இறந்தகால வடிவம். அவ்வினை தொடக்கத்தில் "உடைமையாகக் கொள்" என்ற பொருளைக் கொண்டிருந்தது.

மஸ்ட்: பழைய ஆங்கிலத்தில் "அனுமதி பெற்றிரு", "இயலு" என்னும் பொருள்களில் வழங்கிய வினையின் இறந்தகால வடிவத்திலிருந்து வந்தது. அனுமதி என்ற பொருள் காலப்போக்கில் மறைந்து கட்டாயம் என்ற பொருள் நிலைத்தது.

ஹேவ் டு: "வைத்திரு" என்னும் பொருளுடைய வினையிலிருந்து உருவான தொடர். "செய்வதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்" என்ற வகை அமைப்பு, நாளடைவில் "ஒரு வேலை செய்ய வேண்டியுள்ளது" என்ற பொருளைப் பெற்றது.

கடனிலிருந்து கடமை பிறக்கும் இந்தப் பொருள் வளர்ச்சி ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழிலும் "கடன்" என்ற சொல் திருப்பித் தர வேண்டிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது.

இலக்கண இயல்புகள்

மஸ்ட், ஷுட், ஷல் ஆகியவை ஆங்கில இலக்கணத்தில் மோடல் துணைவினைகள் என்ற வகையைச் சேர்ந்தவை. இவற்றின் பொது இயல்புகள் பின்வருமாறு:

1. படர்க்கை ஒருமையில் இவை "எஸ்" விகுதி ஏற்பதில்லை. "ஹீ மஸ்ட்" என்பதே சரியான வடிவம்.
2. இவற்றைத் தொடர்ந்து வரும் முதன்மை வினை "டு" இன்றி வரும்.
3. வினாவில் இவை எழுவாய்க்கு முன் இடம்பெறும்: "மஸ்ட் ஐ கோ?"
4. எதிர்மறையில் "நாட்" இவற்றுடன் நேரடியாகச் சேரும்.
5. ஒரு மோடல் துணைவினையை அடுத்து இன்னொன்று பொதுவாக வருவதில்லை. ஆகவே "நான் நாளை செல்ல வேண்டியிருக்கும்" என்பதைக் கூற "வில் மஸ்ட்" என எழுதுதல் இயலாது. "வில் ஹேவ் டு" என்றே எழுத வேண்டும்.

ஆட் என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. எனினும் அதன் பின் "டு" வருவது வழக்கம். ஹேவ் டு சாதாரண வினையைப் போல் இயங்குகிறது. அது "ஹேஸ் டு", "ஹேட் டு" என உருவம் மாறும். வினாவுக்கும் எதிர்மறைக்கும் "டு" என்ற துணைவினையின் உதவியை நாடும். நீட் என்பது இரு நிலையிலும் வரக்கூடியது. "ஹீ நீடன்ட் கோ" என்பதில் அது துணைவினை. "ஹீ நீட்ஸ் டு கோ" என்பதில் அது முதன்மை வினை. துணைவினை நிலையில் நீட் பெரும்பாலும் எதிர்மறையிலும் வினாவிலுமே காணப்படுகிறது.

ஒலிப்பிலும் சில தனித்தன்மைகள் உண்டு. ஷுட் என்பதன் எழுத்துக்கூட்டலில் உள்ள "எல்" ஒலிக்கப்படுவதில்லை. மஸ்ட் நாட் என்பதன் சுருக்க வடிவத்தில் முதல் "டி" ஒலிக்காமல் "மஸன்ட்" என்றாகும். விரைந்த பேச்சில் ஹேவ் டு என்பது "ஹேஃப் டு" என்று கேட்கும்.

முதன்மைச் சொற்களும் பயன்பாடும்

மஸ்ட்

வலிமையான கட்டாயத்தைக் குறிக்கும். பேசுபவரே அக்கட்டாயத்தின் மூலமாக இருக்கும்போது இது பொதுவாகப் பயன்படுகிறது. "ஐ மஸ்ட் ஸ்டாப் ஸ்மோக்கிங்" என்று ஒருவர் கூறினால், புகைப்பதை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய சொந்த உறுதி என விளங்கும். அறிவிப்புப் பலகைகளிலும் விதிமுறைகளிலும் இச்சொல் மிகுதியாகக் காணப்படும்.

உரையாடலில் முன்னிலையாரை நோக்கி இதைப் பயன்படுத்தும்போது அதிகாரத் தொனி ஏற்படுவதால், மேலதிகாரியிடமோ ஆசிரியரிடமோ வேண்டுகோள் விடுக்க இது ஏற்றதன்று. ஆனால் "யூ மஸ்ட் கம் டு டின்னர்" போன்ற விருந்தழைப்புகளில் இதே சொல் "அவசியம் வர வேண்டும்" என்ற அன்பான வற்புறுத்தலைத் தரும்.

ஹேவ் டு

சட்டம், அலுவலக விதி, சூழ்நிலை போன்ற வெளிக்காரணங்களால் ஏற்படும் கட்டாயத்தைக் குறிக்கும். "ஐ ஹேவ் டு வேர் அ யூனிஃபார்ம்" என்றால், சீருடை அணிய வேண்டும் என்பது பேசுபவரின் விருப்பமன்று, நிறுவனத்தின் விதி என விளங்கும். மஸ்ட், ஹேவ் டு ஆகியவற்றுக்கிடையேயான இவ்வேறுபாடு எல்லா இடங்களிலும் கறாராகப் பின்பற்றப்படுவதில்லை. குறிப்பாக அமெரிக்க ஆங்கிலப் பேச்சில் ஹேவ் டு இரு பொருளுக்கும் வழங்குகிறது. "ஹேவ் காட் டு" என்பது இதன் பேச்சு வழக்கு வடிவம் ஆகும்.

ஷுட், ஆட் டு

இவை மஸ்டைவிட வலிமை குறைந்தவை. அறிவுரை, எதிர்பார்ப்பு, நெறி ஆகியவற்றைக் குறிக்கும். "யூ ஷுட் சீ அ டாக்டர்" என்பது மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்னும் அறிவுரை. கேட்பவர் அதை ஏற்காமலும் இருக்கலாம். ஆட் டு ஏறத்தாழ இதே பொருளைத் தந்தாலும், அறநெறி சார்ந்த கடமையைச் சற்றுக் கூடுதலாக உணர்த்துவதாகக் கருதப்படுகிறது.

நீட்

கட்டளையைவிடத் தேவையை முன்னிறுத்துவது. "த பிளான்ட்ஸ் நீட் டு பி வாட்டர்ட்" என்பதில் செடிகளுக்கு நீர் தேவை என்பதே கருத்து.

ஷல்

1653 ஆம் ஆண்டில் ஜான் வாலிஸ் இலத்தீனில் எழுதி வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல், தன்மையில் ஷல் எதிர்காலத்தை மட்டும் காட்டும் எனவும், முன்னிலையிலும் படர்க்கையிலும் அது வாக்குறுதி அல்லது அச்சுறுத்தலைக் காட்டும் எனவும் விதித்தது. இவ்விதி நெடுங்காலம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றது. இன்று பொதுப் பேச்சில் ஷல் பெரும்பாலும் "ஷல் வீ கோ?" போன்ற வினாக்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. சட்ட ஆவணங்களில் அது கட்டாயத்தைக் குறிக்கத் தொடர்ந்து பயன்பட்டு வருகிறது.

பிற தொடர்கள்

"ஹேட் பெட்டர்" என்பது, பின்பற்றாவிடில் தீய விளைவு ஏற்படும் என்ற எச்சரிக்கை கலந்த அறிவுரை. இதில் இறந்தகால வடிவம் இருப்பினும் பொருள் நிகழ்காலத்துக்கோ எதிர்காலத்துக்கோ உரியது. "பி சப்போஸ்ட் டு" என்பது விதியோ வழக்கமோ எதிர்பார்ப்பதைக் குறிக்கும். அது நடைமுறையில் பின்பற்றப்படவில்லை என்ற குறிப்பும் பல வேளைகளில் உடன் வரும். "பி டு" என்பது அலுவல்முறை ஆணைகளிலும் ஏற்பாடுகளிலும் வரும்.

எதிர்மறையில் பொருள் வேறுபாடு

"யூ மஸ்ட் கோ", "யூ ஹேவ் டு கோ" ஆகிய இரண்டும் "நீங்கள் போக வேண்டும்" என்றே பொருள்படும். ஆனால் அவற்றின் எதிர்மறைகள் ஒன்றல்ல.

- யூ மஸ்ட் நாட் கோ: நீங்கள் போகக் கூடாது (தடை).
- யூ டோண்ட் ஹேவ் டு கோ: நீங்கள் போக வேண்டியதில்லை (கட்டாயமின்மை).
- யூ நீடன்ட் கோ: நீங்கள் போகத் தேவையில்லை (கட்டாயமின்மை).
- யூ ஷுட் நாட் கோ: நீங்கள் போகாதிருப்பது நல்லது (அறிவுரை).

இதற்குக் காரணம் எதிர்மறைச் சொல்லின் ஆளுகை எல்லை ஆகும். மஸ்ட் நாட் என்பதில் கட்டாயம் மறுக்கப்படுவதில்லை, செயலே மறுக்கப்படுகிறது. அதாவது, போகாதிருப்பது கட்டாயம் ஆகிறது. டோண்ட் ஹேவ் டு என்பதில் கட்டாயமே மறுக்கப்படுகிறது. அதனால் போவதும் போகாதிருப்பதும் கேட்பவரின் விருப்பத்துக்கு விடப்படுகின்றன.

இவ்விரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவது நடைமுறையில் தீங்கு விளைவிக்கக்கூடியது. ஒரு மருந்தை உணவுடன் உட்கொள்ளக் கூடாது என்பதற்கும், உணவுடன் உட்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. பின்னதைக் கூற எண்ணி மஸ்ட் நாட் எனக் கூறினால் தேவையற்ற தடை உண்டாகும். முன்னதைக் கூற எண்ணி டோண்ட் ஹேவ் டு எனக் கூறினால் ஓர் எச்சரிக்கையே இல்லாமல் போய்விடும்.

"மஸ்ட் ஐ கோ?" என்ற வினாவுக்கு இல்லை என விடையளிக்க விரும்புவோர் "நோ, யூ நீடன்ட்" என்றோ "நோ, யூ டோண்ட் ஹேவ் டு" என்றோ கூறுவர். "நோ, யூ மஸன்ட்" எனக் கூறினால் அது போகத் தடை விதிப்பதாகிவிடும்.

பிற ஐரோப்பிய மொழியினருக்கும் இதில் இடர்ப்பாடு உண்டு. செருமன் மொழியில் மஸ்டுக்கு உறவான வினையுடன் எதிர்மறைச் சொல் சேர்ந்தால் "வேண்டியதில்லை" என்ற பொருளே பொதுவாகக் கிடைக்கிறது. தடையைக் குறிக்க அம்மொழியினர் வேறொரு வினையைப் பயன்படுத்துகின்றனர். எனவே செருமானியர் தம் மொழியை அடியொற்றி மஸ்ட் நாட் என எழுதும்போது கருதிய பொருளுக்கு மாறான பொருள் தோன்றிவிடுகிறது.

உய்த்துணர்வுப் பொருளில் மஸ்டின் எதிர்மறையாகப் பொதுவாக வருவது "கான்ட்" ஆகும். "தட் மஸ்ட் பி ட்ரூ" என்பதற்கு எதிர், "தட் கான்ட் பி ட்ரூ", அதாவது "அது உண்மையாக இருக்க முடியாது" என்பதாகும்.

இறந்தகாலம்

மஸ்டுக்குத் தனி இறந்தகால வடிவம் இல்லை. கடந்த காலக் கட்டாயத்தைக் கூற "ஹேட் டு" பயன்படுகிறது. பிற அமைப்புகள் தரும் பொருள்கள் பின்வருமாறு:

- ஹீ ஹேட் டு கோ: அவர் போக வேண்டியிருந்தது.
- ஹீ ஷுட் ஹேவ் கான்: அவர் போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை.
- ஹீ மஸ்ட் ஹேவ் கான்: அவர் போயிருக்க வேண்டும் என்று ஊகிக்கப்படுகிறது.
- ஹீ நீடன்ட் ஹேவ் கான்: அவர் போயிருக்கத் தேவையில்லை, ஆனால் போனார்.
- ஹீ டிட் நாட் நீட் டு கோ: அவர் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் போனாரா இல்லையா என்பது இவ்வாக்கியத்திலிருந்து தெரியவராது.

தமிழில் "அவர் நேற்றே போயிருக்க வேண்டும்" என்ற வாக்கியம் குறையாகவும் ஊகமாகவும் பொருள்படக்கூடியது. ஆங்கிலத்தில் முன்னதற்கு ஷுட் ஹேவ், பின்னதற்கு மஸ்ட் ஹேவ் எனத் தனித்தனி அமைப்புகள் உள்ளன.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் "வேண்டும்" என்பது விரும்புதல், இரத்தல் என்னும் பொருளுடைய "வேண்டு" என்ற வினையடியிலிருந்து வந்தது. பெயர்ச்சொல்லுடன் வரும்போது இது தேவையையோ விருப்பத்தையோ குறிக்கும். தேவையுடையவர் நான்காம் வேற்றுமையில் வருவார் ("எனக்குப் பணம் வேண்டும்"). "செய" என்னும் வாய்பாட்டு எச்சத்துடன் வரும்போது கடப்பாட்டைக் குறிக்கும். அப்போது எழுவாய் முதல் வேற்றுமையில் வரும் ("நான் போக வேண்டும்"). கட்டாயத்தின் வலிமையை வேறுபடுத்த "போயே ஆக வேண்டும்", "போயாக வேண்டும்", "போவது நல்லது", "போக வேண்டியுள்ளது" போன்ற அமைப்புகள் உள்ளன. சட்ட நடையில் "செய்தல் வேண்டும்" என்ற வடிவம் வழங்குகிறது.

எதிர்மறையில் "கூடாது" என்பது தடையையும், "வேண்டியதில்லை", "தேவையில்லை" என்பன கட்டாயமின்மையையும் ஐயமின்றிக் குறிக்கின்றன. ஆனால் "வேண்டாம்" இருபொருள் தருவது. "நீங்கள் வர வேண்டாம்" என்பது வரும் சிரமம் தேவையில்லை என்றும், வராதீர்கள் என்றும் பொருள்படலாம். பேசுபவரின் குரலும் சூழலும் பொருளைத் தெளிவாக்கும். ஆங்கிலத்தில் இதனை மொழிபெயர்ப்பவர் நீடன்ட், மஸ்ட் நாட் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். எனவே "வேண்டாம்" என்ற சொல்லுக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்லை மனனம் செய்வதைவிட, கருதும் பொருளை முதலில் "கூடாது" அல்லது "வேண்டியதில்லை" எனத் தமிழில் தெளிவுபடுத்திக் கொள்வது பயன் தரும்.

சட்டத்தில்

ஆங்கிலச் சட்ட ஆவணங்களில் கட்டாயத்தைக் குறிக்க ஷல் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. எனினும் இச்சொல் எதிர்காலம், அறிவிப்பு, உரிமை போன்ற பிற பொருள்களிலும் கையாளப்பட்டதால் அதன் பொருள் குறித்துப் பல வழக்குகள் எழுந்துள்ளன.

இந்திய அரசியலமைப்பின் 320 ஆம் உறுப்பு, அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றி ஷல் என்ற சொல்லுடன் கூறுகிறது. 1957 ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேச அரசு தொடர்பான வழக்கொன்றில், ஷல் என்ற சொல் இருப்பதனாலேயே ஒரு விதி கட்டாயமானதாகிவிடாது எனவும், அவ்வாறு கலந்தாலோசிக்கத் தவறியதால் அரசின் நடவடிக்கை செல்லாததாகிவிடாது எனவும் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு விதி கட்டாயத் தன்மையுடையதா, வழிகாட்டும் தன்மையுடையதா என்பதைச் சட்டத்தின் நோக்கத்தைக் கொண்டு முடிவு செய்யும் முறை இந்தியச் சட்டப் பொருள்கோளில் நிலைபெற்றுள்ளது.

இதற்கு மாறாக, ஷல் சேர்க்கப்பட்டதால் ஐயம் நீங்கிய நிகழ்வும் உண்டு. அமைச்சரவையின் அறிவுரைப்படி குடியரசுத் தலைவர் செயல்பட்டே ஆக வேண்டுமா என்பது 74 ஆம் உறுப்பின் தொடக்க வாசகத்தில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தம், அவர் அவ்வறிவுரைப்படி செயல்படுதல் வேண்டும் என்பதை ஷல் என்ற சொல்லைக் கொண்டு உறுதிப்படுத்தியது.

20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எளிய நடை இயக்கத்தினர் ஷல் என்பதற்கு மாற்றாக மஸ்டைப் பரிந்துரைத்தனர். 1996 ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு கடமைகளைக் குறிக்க மஸ்டைப் பயன்படுத்துகிறது. ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007 ஆம் ஆண்டில் எளிய நடையில் திருத்தி எழுதப்பட்டபோது ஷல் நீக்கப்பட்டது. விசாரணையின்றி வழங்கும் சுருக்கத் தீர்ப்புப் பற்றிய 56 ஆம் விதியில் அதற்குப் பதிலாக ஷுட் இடப்பட்டது. கட்டாயம் அறிவுரையாகக் குறைந்துவிட்டதா என்ற விவாதம் இதனால் எழுந்தது. 2010 ஆம் ஆண்டின் திருத்தத்தில் அவ்விதிக்கு மட்டும் ஷல் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

தொழில்நுட்பத் தர ஆவணங்களில்

தர ஆவணங்களை எழுதும் அமைப்புகள் இச்சொற்களுக்குத் தாமே வரையறை அளித்துக் கொண்டுள்ளன. சீர்தரத்துக்கான அனைத்துலக அமைப்பின் எழுத்து விதிகளின்படி, ஷல் கட்டாயத் தேவையையும், ஷுட் பரிந்துரையையும், மே அனுமதியையும், கேன் இயலுமையையும் குறிக்கும். ஷல் என்பதற்கு மாற்றாக மஸ்டைப் பயன்படுத்துவதை அவ்விதிகள் ஏற்பதில்லை.

இணைய நெறிமுறைகளை எழுதுவோர் பின்பற்றும் ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணத்தை இசுகாட் பிராட்னர் 1997 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்டார். இதில் மஸ்ட், ஷல் ஆகியவை ஒரே பொருளுடையன. மஸ்ட் நாட் முழுத் தடையைக் குறிக்கும். ஷுட் என்றால், தக்க காரணம் இருப்பின் விளைவுகளை நன்கு ஆராய்ந்த பின் விலகலாம் என்று பொருள். சாதாரண வாக்கியங்களில் வரும் இச்சொற்களுக்கும் இவ்வரையறை பொருந்துமா என்ற ஐயத்தை 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 8174 தீர்த்தது. அதன்படி, முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டால் மட்டுமே இச்சொற்கள் இச்சிறப்புப் பொருளைப் பெறும்.

பயன்பாட்டில் ஏற்பட்ட மாற்றம்

1961 ஆம் ஆண்டிலும் 1990களின் தொடக்கத்திலும் அச்சான பிரித்தானிய, அமெரிக்க உரைநடைத் தொகுப்புகளை ஒப்பிட்டு மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அக்காலப் பகுதியில் மஸ்ட், ஷல், ஆட் டு, துணைவினை நிலையிலான நீட் ஆகியவற்றின் பயன்பாடு குறைந்துள்ளதைக் காட்டியது. இதே காலத்தில் நீட் டு போன்ற தொடர்களின் பயன்பாடு கூடியது. வெளிப்படையான அதிகாரத் தொனியைத் தவிர்க்கும் சமூகப் போக்கு இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. "யூ மஸ்ட் சைன் ஹியர்" என ஆணையிடுவதைவிட, "யூ நீட் டு சைன் ஹியர்" எனக் கையொப்பத்தின் தேவையைச் சுட்டுவது மென்மையாக ஒலிக்கிறது. ஆயினும் கையொப்பமிட வேண்டியவரின் கடப்பாடு இரண்டிலும் ஒன்றே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- ஆங்கில இலக்கணம்
- துணைவினை
- வினைநோக்கு
- எதிர்மறை
- சட்டப் பொருள்கோள்